ஏழாவது கேள்வி

மார்ச் 3, திங்கள்
மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் பார்வை சோதிக்க லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். வயிறு கல்லாக இறுகியது. மூன்று முறை. முப்பது வாரம்தானே ஆகிறது? மாலையில் தானாக நின்றுவிட்டது. அப்பாடா.

மார்ச் 4, செவ்வாய்
ஆஸ்பத்திரி. காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு வலி. அவர் சீட்டுப் போட ஓடினார். என் தலைமாட்டில் அத்தை, அவருடைய அம்மா.

நர்ஸ் அக்கா படிவத்தோடு வந்தார். பஞ்சுக் குச்சியால் உள்ளேயிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பார்களாம். 'இல்லை' என்று வந்தால் இப்போதைக்குப் பயமில்லை. 'ஆம்' என்று வந்தால் ஒரே வாரத்தில்கூடப் பிறந்துவிடலாம். அதற்கு முன் சில கேள்விகள். ரத்தம் பட்டதா, நீர் கசிந்ததா... ஏழாவது: "நேத்துல இருந்து வீட்டுக்காரரோட சேர்ந்திருந்தீங்களா?"

போர்வை மடித்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. போன மாதம்தான் "இனிமே தனித்தனியாப் படுங்க" என்று கட்டிலைப் பிரித்துப் போட்ட மனுஷி!

"இல்லக்கா" என்றேன்.

மாலையில் முடிவு வந்தது. ஆம்.

மார்ச் 5, புதன்
குழந்தையின் நுரையீரலுக்காக ஊசி போட்டிருக்கிறார்கள். இங்கே குறைமாதக் குழந்தைகளைப் பார்க்க வசதி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இடம் காலி. நாளைக் காலை வண்டி. எனக்கு.

பக்கத்துக் கட்டில்காரிக்கும் 'ஆம்'தான். இருபத்தொன்பது வாரம். "உங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி, முதல்ல நீங்க போங்க" என்று என் பையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தாள்.

மதியம் தனியாக வந்த ஒரு பெண்ணிடம் அதே ஏழாவது கேள்வி. அவள் கூசாமல் "ஆமாம்" என்றாள். "அப்போ நாளைக்கு எடுக்கலாம். இப்ப எடுத்தா தப்பா 'ஆம்'னு காட்டிடும்" என்றார் நர்ஸ் அக்கா.

நேற்று நான் 'இல்லக்கா' என்றது பொய்யாயிற்றே. என் 'ஆம்' நிஜமா, பொய்யா? உண்மையைச் சொல்லி, இடம் போய், நாளைக்கே எனக்குப் பிறந்தால்? சொல்லாமல் நான் போய், இங்கே அவளுக்குப் பிறந்தால்? ஐயோ, என்ன பண்ணித் தொலைப்பேன்! கடையில் நாள் முழுக்கக் கண் சோதிக்க வருகிறவர்களிடம் "தெரியறதை மட்டும் சொல்லுங்க" என்று அதட்டுகிறவள் நான்.

மார்ச் 6, வியாழன்
சொல்லிவிட்டேன். அத்தை இருக்கும்போதே. நர்ஸ் அக்கா திட்டவில்லை. "வலிக்கு அதுதான் காரணம்னு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. மறுபடி எடுத்துப் பாக்கலாம்."

ஸ்கேனில் கருப்பை வாயை அளந்தார்கள். நன்றாக மூடியிருக்கிறதாம். பஞ்சுக் குச்சியும் இந்த முறை 'இல்லை'. வண்டியில் பக்கத்துக் கட்டில்காரி போனாள். பிஸ்கட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அத்தை மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

மார்ச் 7, வெள்ளி
'இல்லை'யாம். ஆனாலும் வயிறு இறுகும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருகிறது.

மார்ச் 8, சனி
பக்கத்துக் கட்டில்காரியின் கணவர் போன் செய்தார். போய்ச் சேர்ந்த ஆறாவது மணி நேரத்தில் பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூறு. மூச்சுக்குக் குழாய். இங்கேயே இருந்திருந்தால்— வேண்டாம், எழுதவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்
முப்பத்தெட்டு வாரம். மறுபடி அதே வார்டு, இந்த வலி நிஜம். இடைவெளியில் கிறுக்குகிறேன். பிஸ்கட் கொடுத்தவளின் குழந்தை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டதாம்.

பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒரு பெண், ஏழு மாதம். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமியார். நர்ஸ் அக்கா படிவத்தோடு வருவதைப் பார்த்ததும் அத்தை எழுந்தார்.

"ரெண்டு பேரும் என்கூட வாங்க, டீ குடிச்சிட்டு வரலாம்."

"அவ தனியா இருப்பாளே?"

"இருக்கட்டும். அப்பதான் வாயைத் திறப்பா. எங்க வீட்டுல பட்டது போதும்."

இரண்டு பேரையும் தள்ளாத குறையாக வெளியே கூட்டிப்போனார். அத்தைக்கு டீயே பிடிக்காது.