ஆபிரிக்காக் கரடி

12 நவம்பர் 1986, புதன். ஹொல்ஸ்டெப்ரோ.

ஊரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு எங்களிடம் வரும் வழியில் அண்ணா ஆபிரிக்காவில் நிற்கிறாராம். காசு வாங்கிக்கொண்டு அண்ணாவைக் கூட்டிவரும் ஏஜென்ட் தொலைபேசியில் சொன்னதாக அப்பா இன்று வந்து சொன்னார்.

"படகிலை ஆறு பாக்கக் கூட்டிக்கொண்டு போனவங்களாம். யானை, முதலை, கரடி, மயில் எல்லாம் கண்டவனாம்."

"நீர்யானை?"

"அதென்ன பிள்ளை? அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

நூலகத்திலிருந்து எடுத்த விலங்குகள் புத்தகத்தில் பார்த்தேன். அந்த ஆறுகளில் போகிறவர்கள் முதலில் காண்பது நீர்யானையைத்தான். கரையில் எருமை நிற்கும், சிங்கமும் வரலாம். கரடி ஆபிரிக்காவில் கிடையவே கிடையாது. அப்பா சொன்ன நான்கும் எங்கள் மன்னார்க் காட்டில் இருப்பவை. அப்படியென்றால் அண்ணா இன்னும் ஊரிலிருந்தே வெளிக்கிடவில்லையா? பொய் சொன்னது ஏஜென்ட்டா, அப்பாவா?

அம்மா அண்ணாவுக்கென்று வாங்கிய குளிர்ச்சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"உன்ரை புத்தகத்திலை பாத்துச் சொல்லு பிள்ளை, அந்தக் கரடி கடிக்குமோ?"

அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் புத்தகத்தை மூடினேன். "இல்லை அம்மா. ஆபிரிக்காக் கரடி ஆக்களைக் கடிக்காது."