செமிசியின் காலளவு

பங்காய், ஹாபாய் தீவு
9 செப்டம்பர் 1971

அன்பு மகள் லெசீலிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நலம், ஆக்லாந்து குளிரில் நீயும் உன் நர்ஸ் படிப்பும் நன்றாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய சிவப்பு ஷூ வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தது. செமிசிக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். மகளே, அதை அவன் காலில் போட்டுப் பார்க்கவில்லை. அளவுக்காகக் காகிதத்தில் நான் வரைந்து அனுப்பியது பக்கத்து வீட்டுக் குழந்தையின் கால். உன் பிள்ளை மே மாதத்திலிருந்து நம் வீட்டில் இல்லை. பதறாதே, வவாவு தீவில் என் அக்கா, உன் அத்தை கலோலைனேயிடம் சுகமாக இருக்கிறான்.

குழந்தைகள் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவள், அவனை மடியில் வைத்துக் கிழங்கு ஊட்டிக்கொண்டே, "டேய் தம்பி, இந்தப் பயல நான் கூட்டிட்டுப் போறேன், எனக்குத்தான் புள்ளையில்லையே" என்றாள். அக்கா கேட்டு இல்லையென்று சொன்ன தம்பி இந்தத் தீவுகளில் உண்டா? எல்லோர் முன்னாலும் தலையாட்டிவிட்டேன். இதை மட்டும் எழுதி, பழியை வழக்கத்தின் மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கப்பலேறும் முன் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லெசீலிகிட்ட கேட்டியா? அவ வேணாம்னா நான் தூக்கிட்டுப் போக மாட்டேன்டா" என்றாள். கேட்டாச்சு என்று சொன்னேன். ஊரார் பார்க்கத் தலையாட்டியதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எழுதிய நாலு கடிதத்திலும் அவன் பன்றிக்குட்டியைத் துரத்தியது, பல் முளைத்தது எல்லாம் நானே இட்டுக்கட்டியது. அம்மா அன்றைக்கே "வாயில என்ன, வேகாத கிழங்கா வச்சிருந்தீங்க?" என்று கத்தினாள். உனக்கு எழுதவிடாமல் அவளையும் தடுத்தது நான்தான்.

செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வவாவு போகிறேன். அக்கா முன்னால் தரையில் உட்கார்ந்து, பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டு பிள்ளையைக் கேட்கப் போகிறேன். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். அவன் என்னை மறந்திருப்பானோ என்றுதான் பயம். நீ எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். இனி அம்மா கையெழுத்தில்லாமல் வரும் என் கடிதம் எதையும் நம்பாதே.

உன் அப்பா
பௌலா

படித்துப் பார்த்தேன். இதில் பொய் இல்லை.
அம்மா