ரெடியாக இருக்கிற நோட் எத்தனை?

பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகாத என் அன்பானவருக்கு,

என்னங்க, நான் பரீட்சை எழுதிவிட்டேன். நீங்கள் பாஸான அதே கிளஸ்டர் பரீட்சைதான். அந்தச் சான்றிதழ் இருந்தால் புது ப்ராஜெக்ட், இல்லையென்றால் வேலை இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் தார்நாகா வீட்டைக் காலி செய்துவிட்டு, திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில் ஒதுங்க வேண்டியதுதான். அண்ணன் நல்லவர். ஆனாலும் உங்களோடு இருந்த வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும், சொல்லுங்கள்?

உங்களுக்குத்தான் தெரியுமே, நோட் கேள்வியில் தவறாமல் சறுக்குவேன். கிளஸ்டரில் சேர்ந்து வேலை செய்கிற கம்ப்யூட்டர்கள்தான் நோட்கள். எத்தனை ரெடி என்று எண்ணி எழுத வேண்டும். ரெடி என்று காட்டினாலும், புது வேலை வேண்டாம் என்று குறி போட்டு வைத்தவற்றைக் கழித்துவிட வேண்டும். நான் கழிக்க மாட்டேன். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

"ஏளா, செகந்திராபாத் ஸ்டேஷன்ல ஆட்டோ நிக்கும், டிரைவரும் இருப்பாரு. தார்நாகான்னா 'நக்கோ, வேண்டாம்'னுருவாரு. அத வண்டின்னு எண்ணுவியா?"

நீங்கள் போன பிறகும் அப்படிச் சத்தமாகக் கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன். "என்னங்க, இது ரெடியா?" என்பேன். பதில் வராது. வராவிட்டால் என்ன, கேட்கக் கூடாதா? ஒரு நாள் நம்ம மகா கதவோரம் நின்று, "மம்மி, ஆர் யூ டாக்கிங் டு டாடி?" என்றாள். "ஹவ், ஆமா" என்றேன்.

பரீட்சை வீட்டிலிருந்தேதான். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. எங்கிருந்தோ ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டுக்குப் போகும்போது மகா, "டென்ஷன் நக்கோ மம்மி" என்றாள். அப்படியே உங்கள் வாய்.

நோட் எண்ணுகிற மாதிரி ஒரு கேள்வி வந்தது. விவரம் வெளியே சொல்லக் கூடாதாம், விடுங்கள். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துவிட்டது. "என்னங்க, இதையும் கழிக்கணுமா?"

உடனே திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. பேசக் கூடாது, உங்களோடு யார் இருக்கிறார்கள், கேமராவைச் சுற்றிக் காட்டுங்கள், மறுபடி பேசினால் பரீட்சை ரத்து. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். ஜன்னல், பீரோ, கட்டிலில் உங்கள் பக்கம், கதவுக்குப் பின்னால், எல்லாவற்றையும் காட்டினேன். அப்புறம் உட்கார்ந்து பதில் தட்டினேன்: யாரும் இல்லை.

துக்கம் கேட்க எத்தனை பேர் வந்தார்கள்! ஒருவரிடமும் இதை நான் சொன்னதில்லை, என்னங்க. முகம் தெரியாத ஒருவரிடம், வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொல்லிவிட்டேன். அவர், "நன்றி, தொடருங்கள்" என்று அனுப்பினார். கண்ணைத் துடைத்தால் அதற்கும் ஏதாவது சொல்வாரோ என்று துடைக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மீதியை எழுதினேன்.

பாஸ்! மறுநாள் மெயில் வந்தது. "நான் வரல" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மகா குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஸ்வீட் கொடுத்து அனுப்பிவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்களைக் கேட்காமலேயே எனக்கு விடை வந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்களுக்கு வருத்தமா? இல்லை, அப்பாடா என்று இருக்கிறதா?

வாயை மூடச் சொன்னது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான். இந்த வீட்டில் உங்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டேதான் இருப்பேன். விடையை மட்டும் இனி நானே எழுதிக்கொள்கிறேன், சத்தியமாக.

உங்கள் வீட்டுக்காரி,
வசந்தி