கிளி செதுக்கிய அரைமூடி

இன்று காலை சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், உழவில் கிளம்பிய குப்பி ஒன்றை என் முன்னால் வைத்துத் தங்கமா என்று கேட்டார். புளி போட்டுத் தேய்த்தேன். அந்தப் பித்தளை வாடை கையில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது, மாப்ளே. மாட்டுக் கொம்பில் மாட்டுகிற குப்பிதான் என்றேன். முகம் வாடிப் போனார். நீயாக இருந்தால் அவரைச் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

பூந்தோட்டத்தில் தோடும் சங்கிலியும் தொலைத்தவர்களுக்குத் தேடிக் கொடுக்கத்தான் மெட்டல் டிடெக்டர் வாங்கியதாக நீ சொன்னாய். ஆனால் ஞாயிறு தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்து ஓடைக்கரைக்குத்தான் போனாய். கிடைத்ததைச் செம்பட்டி டீக்கடையில் பரப்பிவைத்து வாதாடுவோம். நான் குதிரைச் சேணத்துப் பூ என்று அடித்துச் சொன்னதை, பின்பக்கம் ஆணி முறிந்த தடத்தைக் காட்டி, கதவுக் குமிழ் என்று கவிழ்த்துவிடுவாய். புதையல் பைத்தியங்கள் என்று ஊரே பேசியது. நானும் உனக்குப் பொழுது போகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குக் கிடைத்தது ஆலிலை வடிவில் ஒரு சின்ன வெள்ளித் தகடு, மேலே வளையம். குதிரை நெற்றியில் தொங்கவிடுவதாக இருக்கும் என்றேன். நீ வாதாடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய்.

"அரைமூடிடா. பொட்டப்புள்ள இடுப்புல கட்டுறது" என்றாய்.

உன் மகள் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போனது எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அன்றுதான் சொன்னாய். பச்சைப் பிள்ளையை எரிக்காமல் ஓடைக்கரையில் புதைத்து, அடையாளக் கல்கூட நடாமல் திரும்பிவிட்டீர்கள். நகையைக் கழற்றிவிட்டுப் புதைப்பதுதான் வழக்கம். அரைமூடியை மட்டும் கழற்றப் பெற்றவளான தங்கச்சி விடவில்லை. அடுத்த மழைக்கு ஓடை கரையை அறுத்தது, இடம் தெரியாமல் போயிற்று. எம்புள்ளைய எங்க வச்சீக என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தது.

பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவித் தகட்டை என்னிடம் நீட்டினாய். "கிளி செதுக்கியிருக்கா பாரு மாப்ளே. எனக்குக் கண்ணு தெரியல."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிளி இருந்துவிடக் கூடாதா என்று விரலால் தடவித் தேடினேன். பூதான் இருந்தது. சொன்னேன்.

"அப்ப இது யாரோ பெத்தது" என்று எடுத்த குழியிலேயே வைத்து மூடினாய்.

போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். ஓடைக்கரையில் ஒரு பக்கமாக வீட்டுமனைக் கல் நட்டுக்கொண்டு வருகிறார்கள். காரியம் முடிந்த கையோடு தங்கச்சி உன் டிடெக்டரை என்னிடம் கொடுத்தது. ஞாயிறு தவறாமல் போகிறேன். எனக்கு உன்மேல் கோபம்கூட வருகிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் குதிரை, சேணம் என்று உளறிக்கொண்டு திரிந்திருப்பேனா?

கிளம்பும்போது தங்கச்சி வாசலில் நின்று சொன்னது இதுதான்: "கெடைக்காட்டியும் போகுதுண்ணே. கடப்பாரைய மட்டும் போட்டுறாதீக. உள்ள புள்ள இருக்கும்."

சத்தம் வருகிற இடத்தில் கையால்தான் தோண்டுகிறேன், மாப்ளே.