ஒண்ணாம் நம்பர் தகரம் வேண்டாம்

சாலவாக்கம் காலனி,
22-1-1984, ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி மாசிலாமணிக்கு அக்கா சரசு எழுதுவது. இங்கே நானும் உன் மாமா ஆண்டியும், அம்மாவும், உன் மருமகள் அம்முலுவும் சுகமாக இருக்கிறோம். அங்கே துபாயில் நீயும் சுகமாக இருக்க மாரியாத்தாள் துணை இருப்பாள். நீ சுகம் என்று எழுதினால் மட்டும் நான் நம்புவதாக இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இது உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தை வியாழக்கிழமை எழுதி உன் மாமாவிடம் கொடுத்து, லீவில் வந்திருக்கும் பாண்டுரங்கன் வீட்டில் சேர்க்கச் சொன்னேன். நேற்று நானே அவர் ஊர் காவாந்தண்டலத்துக்குப் போய், அவர் பெட்டியைத் திறக்க வைத்து, அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். அதில் உன் பிழைப்பையே கெடுக்கிற மாதிரி ஒரு பதிலை எழுதியிருந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று பாண்டுரங்கன் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உன்னோடு அதே கார் பட்டறையில் டிங்கர் வேலை செய்கிறவர் என்று நீ எழுதியிருந்ததால் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நீ கொடுத்தனுப்பிய துணிமணி, பவுடர், அம்மாவுக்குத் தைலம் எல்லாம் வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று தகரத் துண்டு. ஒவ்வொன்றும் அம்முலுவின் சிலேட்டில் பாதி இருக்கும். மூன்றிலும் ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட், ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். உன் மாமா சும்மா இருப்பாரா. "இன்னாடி இது, எல்லாரும் தங்கம் எட்தாறாங்க, உன் தம்பி தகரம் அனுப்பிக்கீறான்" என்று சிரித்தார்.

பிறகு பாண்டுரங்கன் விவரம் சொன்னார். யாரோ பெரிய பணக்காரர் சீமையிலிருந்து கார் வரவழைக்கிறாராம். ரேஸ் ஓட்டுகிற மாதிரி கார், தரையோடு தரையாக, இரண்டு பேர்தான் உட்காரலாமாம். படமும் காட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, இதில் தவழ்ந்துதான் ஏற வேண்டும் என்றாள். அந்த ஊரில் எவன் காரிலும் இல்லாத பச்சை வேண்டும் என்று கேட்டு, பட்டறையில் காட்டிய ஏழு பச்சையையும் செத்த பச்சை என்று தள்ளிவிட்டாராம். அப்போது நீ முன்னால் போய் நின்று, எங்கள் ஊர் நெல்லுப் பயிரில் ஒரு பச்சை இருக்கிறது, நான் கலந்து காட்டுகிறேன் என்றாயாம். சூப்பர்வைசர் சிரித்தாராம், ஆனாலும் பெயிண்ட் டப்பாக்களைக் கொடுத்தாராம்.

அந்தப் பணக்காரர் உன் பச்சையை ஒத்துக்கொண்டால் உன்னைக் கலர் கலக்குகிற அறைக்கு மாற்றிவிடுவார்கள், இல்லையென்றால் கான்ட்ராக்ட் முடியும்வரை இருக்கிற இடம்தான், ஒரே தடவைதான் காட்ட முடியும் என்றார் பாண்டுரங்கன். நாலு வருஷமாகப் பயிரையே பார்க்காததால் மூன்றில் எது சரி என்று உனக்கே குழப்பமாகிவிட்டதாம். வயலில் வைத்துப் பார்த்து அக்கா சொல்லட்டும் என்றாயாம்.

இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை தம்பி, மறைப்பானேன். துபாய்ப் பணக்காரனின் காருக்கு என்ன நிறம் என்று காலனியில் நாற்று நடுகிற சரசுவைக் கேட்கிறார்கள். அன்றைக்குக் குழாயடியில் என் குடத்தை மற்றவர்களே முன்னால் தள்ளி வைத்தார்கள்.

மறுநாள் தகரங்களை எடுத்துக்கொண்டு ராஜாராம் ஐயாவின் பம்புசெட்டு நிலத்துக்குப் போனேன். அங்கே நட்டு ஒரு மாசமான பயிர் நிற்கிறது. வரப்பில் மூன்றையும் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயா வந்து, "இன்னாமே சரசு, தகரத்த வச்சிகினு பயிருக்குப் பாடம் நடத்தினு கீறே" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பயிர்மேல் வைத்துப் பார்த்தார். வரப்பில் போகிற வருகிற ஆம்பிளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

எல்லாரும் ஒரே வாயாக ஒண்ணாம் நம்பர்தான் என்றார்கள். அது நல்ல கருகருவென்ற பச்சை. இரண்டாம் நம்பரை உன் மாமாவே, இது ஆபீஸ் ஜன்னலுக்கு அடிக்கிற பச்சை என்று தள்ளிவிட்டார். மூன்றாவது கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த மாதிரி இருந்ததால் ஐயா, "இது யூரியா பத்தாத பயிருமே. உன் தம்பி துபாய்க்குப் போனதும் பயிரையே மறந்துபூட்டானா" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. போகிறபோது, ராஜாராம் நிலத்துப் பச்சை என்று அந்த ஊரில் சொல்லச் சொல்லு என்றும் சொல்லிவிட்டுப் போனார். நிலம் அவருடையது, சரி. அந்தப் பச்சைக்குள் நாள் முழுக்கத் தலையைக் கவிழ்த்து நிற்பது யார் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எனக்கும் ஒண்ணாம் நம்பர் என்றுதான் பட்டது. ஒண்ணாம் நம்பரையே கொடு, அதுதான் நெல்லுப் பச்சை என்று வியாழக்கிழமை எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏரிப் பாசன நிலத்துக்கு நாற்றுப் பறிக்கப் போனோம். நாற்றங்காலில் பொழுது விடிந்து வெயில் ஏரிக்கரைக்கு மேலே அப்போதுதான் வருகிறது. நான் ஒரு கைப்பிடி பிடுங்கி, வேரை அலசிவிட்டுத் தூக்கினேன். வெயில் அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. தம்பி, இருபது வருஷமாக நாற்றுப் பறிக்கிறேன், நாற்றின் வயசை நிறத்தைப் பார்த்தே சொல்கிறவள் நான், அன்றைக்குத்தான் அதைச் சரியாகப் பார்த்தேன். வேருக்கு மேலே வெள்ளை, அதற்கு மேலே மஞ்சள், அப்புறம் பச்சை. அந்தப் பச்சையிலும் நுனிவரைக்கும் உள்ளே மஞ்சள் வெளிச்சம் இருக்கிறது. இருபத்தைந்து நாள் நாற்றுக்குத்தான் அது இருக்கும். பத்து நாள் போனால் முற்றிவிடும்.

அந்தச் சேற்றில் நின்றபடியே நாங்கள் செய்த தப்பு புரிந்தது. நாம் பயிர் வைக்கிற ஜனங்கள். பச்சையைப் பார்த்தால் நிறத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை மூட்டை காணும் என்றுதான் பார்க்கிறோம். கருத்த பயிர் என்றால் நல்ல பயிர், வெளுத்த பயிர் என்றால் பட்டினிப் பயிர். அந்தப் பணக்காரர் என்ன, காரை அறுத்துக் களத்தில் அடிக்கவா போகிறார். ஒண்ணாம் நம்பர் யூரியா தின்ற பச்சை. ஏழு பச்சையைச் செத்த பச்சை என்றவர் அதையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மதியம் தகரங்களைக் கொண்டுபோய் நாற்றங்காலில் வைத்தேன். மூன்றாம் நம்பர் கிட்டே வந்தது. ஆனாலும் அதுவும் இல்லை. நீ பச்சையிலேயே மஞ்சளைப் போட்டுக் கலக்கிவிட்டாய். அதனால் வெயிலில் வாடின மாதிரி இருக்கிறது. மஞ்சள் அடியில் இருக்க வேண்டும் தம்பி, கலந்திருக்கக் கூடாது. இதை உனக்கு எப்படி விளங்கச் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்று காலையில் நாற்றைப் பிடி பிடியாகக் கட்டி முடியைத் தட்டும்போது என் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்துவிட்டது. பொங்கலுக்குப் போட்ட வளையல். தூக்கிப் போட மனசு வராமல் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, குளிக்கப் போகும்போது மஞ்சள் உரசுகிற கல்லின்மேல் வைத்தேன். ஈர மஞ்சள் மேலே அது கிடந்ததைப் பார்த்தேன். அதே பச்சை. உடனே மூன்றாம் தகரத்தின் பின்பக்கத்தில், பெயிண்ட் படாத இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, வளையல் துண்டை மேலே வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். உன் மாமாவைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். "நாத்துதாம்மே, வேற இன்னா" என்றார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அம்மா மேல் ஆணை.

சனிக்கிழமை நடவுக்குப் போகாமல் பஸ் ஏறி, உத்திரமேரூரில் மாறி, காவாந்தண்டலம் போனேன். பாண்டுரங்கன் வீட்டில் இல்லை. அவர் அம்மா தாயாரம்மாள் என்னை வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு, "அங்க நானும் இவங்க தம்பியும் ஒரே ரூமு, ஒரே சட்டி. உள்ள வாக்கா" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை தம்பி, உன் வேலைதான் உட்கார்ந்தது.

தகரத்தையும் வளையல் துண்டையும் காட்டினேன். பாண்டுரங்கன் வெளிச்சத்தில் அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடியில் மஞ்சள் கோட்டிங் அடித்துக் காய வைத்து, அதன்மேல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பச்சையை மெல்லிசாக அடிக்கிற வேலை ஒன்று உண்டு, கலர் அறைக்காரர்கள் தங்க நிறத்துக்கு அப்படிச் செய்வார்கள் என்றார். பச்சைக்கு யாரும் செய்து அவர் பார்த்ததில்லையாம். அப்படியானால் என் தம்பி செய்வான் என்றேன். ஆகையால் மூன்றையும் விட்டுவிடு. புதிதாக ஒன்று அடி. வெயிலில் நிறுத்திக் காட்டு, டியூப் லைட்டில் காட்டாதே.

இப்போது மற்ற விஷயம். வாய் தவறிப் பாண்டுரங்கன் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே. நீ பெயிண்டர் என்று நாலு வருஷமாக எழுதுகிறாய். பட்டி தேய்க்கிற இடத்தில்தான் இருக்கிறாயாம். உப்புத்தாளும் தண்ணீருமாகத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறதாம், தூசியில் இருமலாம், படுத்தால் இருமுகிறாயாம். கேட்டதும் ஆத்திரம் வந்தது. பஸ் உத்திரமேரூர் வருவதற்குள் அது அழுகையாகிவிட்டது. எங்களிடம் எதற்கடா பெயிண்டர் வேஷம். அடியில் ஒருவன் வழவழப்பாகத் தேய்த்துக் கொடுக்காவிட்டால் மேலே எந்தப் பெயிண்ட் நிற்கும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு நீ பெயிண்டராகவே இரு, கூடிய சீக்கிரம் அது உண்மையாகிவிடும்.

அந்தப் பணக்காரர் சரி என்றால் நல்லது. ஒருவேளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு வராதே. காசைப் பார்த்த கண்ணுக்கு நாற்று தெரியவில்லை என்று விட்டுவிடு. நாலு பேருக்கு நடுவில் எழுந்து நின்று எங்கள் ஊரில் ஒரு பச்சை இருக்கிறது என்று சொன்னாயே, எனக்கு அது போதும். அப்பா இருந்திருந்தால் அதைக் கேட்க நடந்தே துபாய்க்கு வந்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை பாண்டுரங்கன் கிளம்புகிறார். உன் மாமா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று இதைக் கொடுப்பார். வளையல் துண்டைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், கையைக் கிழித்துக்கொள்ளாமல் பிரி. ஏற்கெனவே வெடித்த கை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. கார் பெயிண்ட் ஆகி முடிந்ததும் ஒரு கலர் போட்டோ எடுத்து அனுப்பு. காரை மட்டும் எடுத்து அனுப்பாதே. நீ பக்கத்தில் நில். தொடக் கூடாது என்றால் தள்ளி நில். கார் பாதி தெரிந்தால் போதும், நீ தலையிலிருந்து கால்வரை தெரிய வேண்டும். நீ எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும்.

மாரியாத்தாள் உன் மார்பையும் கையையும் காக்கட்டும்.

உன் அக்கா,
ஆ. சரசு