எனக்கு நல்ல செய்தியாம்

அன்பு மகள் வாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், தையல் மெஷின் நலம், நான் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆறு மாதமாக என் இடுப்பளவு கூடிக்கொண்டே போனது. முப்பது வருடமாக ஊரார் இடுப்பை அளந்தவள் என்ன செய்தேன் தெரியுமா, டேப் சுருங்கிவிட்டது என்று புது டேப் வாங்கினேன், அதுவும் அதையே சொன்னதும் பாவாடைக்கு நீளமான நாடா கோத்துக்கொண்டேன். கடைசியில் டாக்டரம்மா வயிற்றிலிருந்து நாலு லிட்டர் தண்ணீர் எடுத்தார், ஒரே நாளில் மூன்று அங்குலம் குறைந்தது, எந்தத் தையல்காரிக்கும் அந்தக் கை வராது. சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். மொத்தமே நாலு கட்டம்தானாம். முதலில் மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடி மூன்று கீமோ. எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்க முடியாமல் அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானே கேட்டேன். "நூறு பேர்ல முப்பது நாப்பது பேர் அஞ்சு வருஷத்தைத் தாண்டிடுறாங்கம்மா" என்றார் டாக்டரம்மா. மற்றவர்களைப் பற்றி மரியாதைக்காக நானும் விசாரிக்கவில்லை. முடி கொட்டும் என்றதும் அப்பா தன் வழுக்கையைத் தடவி "இப்பத்தான் ஜோடிப் பொருத்தம் வருது" என்றார், சொல்லிவிட்டு என் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறதாம், அது இருப்பவர்களுக்குக் கீமோ முடிந்ததும் கொடுக்கும் மாத்திரை நன்றாகக் கேட்குமாம், நோய் திரும்புவது தள்ளிப்போகுமாம். "உங்களுக்கு இது நல்ல செய்திம்மா" என்று டாக்டரம்மா சிரித்தார், அப்பா நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டார். சிரித்து முடித்ததும் டாக்டரம்மாவே மெதுவாக "பொண்ணு இருக்காளா" என்று கேட்டார். உனக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். உன் மூக்கு என் மூக்குத்தான் என்று இத்தனை வருடம் அப்பாவோடு சண்டை போட்டேனே, போகட்டும், தலை முதல் கால் வரை நீ அவர் ஜாடையாகவே இரு.

இப்போதே டிக்கெட் எடுக்காதே, ஆபரேஷனுக்கு வந்தால் போதும். முதலில் அங்கே ஒரு டாக்டரிடம் இதோடு வைத்திருக்கும் தாளைக் காட்டி ரத்தம் கொடு. அந்தக் கோளாறு உனக்கு இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க வழி உண்டாம். தள்ளிப்போடாதே, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ நோய்நொடியில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். நான் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாய், எனக்குக் கோபம் வரும். இந்தக் கோளாறையும் என் வயிற்றில் இருக்கும்போதே வேண்டாம் என்றிருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் முடிவு வரும்வரை வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா