ஏர்வாடி முதலில், ராமேஸ்வரம் பிறகு

சிக்கல்
9.6.2024

அன்புள்ள சபியாவுக்கு,

முருகேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் ஜெயப்பிரியாவும் சுகம். அங்கே நீயும் ஹாஜா முகைதீன் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்?

ஜெயப்பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. கடலாடிப் பையன். பெயர் அருள்முருகன், மின்வாரியத்தில் வேலை. ஆவணியில் கல்யாணம். போனிலேயே சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் எந்தப் போனை எடுத்தாலும் பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள். ஆசிரியப் பயிற்சி விடுதியை விட்ட நாளிலிருந்து நாம் கடிதத்தில் பேசியவர்கள்தானே. இதையும் கடிதத்திலேயே சொல்கிறேன்.

ஜெயப்பிரியாவின் அப்பா வீட்டைவிட்டுப் போய் ஆறு வருஷம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வீரலட்சுமி வந்து உட்கார்ந்து நல்லபடியாகத்தான் பேசினார். "சம்பந்தி, அவுக இருக்காகளா இல்லையான்னு ஊரு கேக்குது. ராமேஸ்வரத்துல காரியத்த முடிச்சிட்டு வந்துட்டா எல்லாத்துக்கும் ஒரு வழியாப் போகும்ல" என்றார். எங்கள் அண்ணன் உக்கிரபாண்டிக்கும் அதுவே சரி என்று படுகிறது.

வருகிற ஆனி அமாவாசை ஜூலை ஐந்து, வெள்ளிக்கிழமை. ஆடி அமாவாசை என்றால் கூட்டம் தாங்காது. அண்ணன் வேன் பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். நீ மட்டும் துணைக்கு வருவாயா? கோயிலுக்குள் நான் போய்க்கொள்வேன். போகவும் வரவும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

உன்
முருகேஸ்வரி


ஏர்வாடி
14.6.2024

பிரியமுள்ள முருகேஸ்வரிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் நலம். மகள் லாமியா ஷார்ஜாவில் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். இவருக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. ஜெயப்பிரியாவுக்கு என் துஆ. மூன்று வருஷம் கழித்து எழுதியிருக்கிறாய், அதுவும் ஒரு வேலை இருந்ததால். போகட்டும். நான் மட்டும் எழுதினேனா?

துணைக்குக் கட்டாயம் வருகிறேன். பாம்பனில் என் தங்கை மாஷிதா வீடு இருக்கிறது. நீ கோயிலுக்குப் போய் வரும்வரை அங்கே இருந்துகொள்வேன்.

ஆனால் ராமேஸ்வரம் போவதற்கு முன்னால் ஒருநாள் இங்கே வந்துவிட்டுப் போ. காரணத்தை நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு மறைப்பது சரியில்லை என்று பட்டது.

நோன்பு சமயத்திலிருந்து தர்காவில் ஒருவரைப் பார்க்கிறேன். வருகிற சனங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். யாரும் வைத்த வேலை இல்லை, அவராகச் செய்வது. பேர் கேட்டால் சொல்வதில்லை. அரசு டாக்டர் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாராம், இப்போது தெளிவாக இருக்கிறார் என்கிறார்கள். தாடி நரைத்திருக்கிறது, ஆள் மெலிவு. உன் கல்யாணத்தில் பார்த்த முகத்தை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காளீஸ்வரன் அண்ணன் மாதிரி இருக்கிறது. பேசிப் பார்க்கவில்லை. பேசி, அவர் வேறு எங்காவது கிளம்பிவிட்டால் என்ன செய்வது?

இருக்கிற மனுஷருக்குக் காரியம் செய்துவிடக் கூடாது முருகேஸ். அதனால்தான் எழுதுகிறேன்.

சபியா


சிக்கல்
19.6.2024

அன்புள்ள சபியா,

கடிதம் கிடைத்தது. யாரிடமும் காட்டவில்லை.

இதற்கு முன்னால் திருச்செந்தூரில் ஒருவரும் நாகூரில் ஒருவரும் அவர் மாதிரி இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு இடத்துக்கும் போனேன். திருச்செந்தூரில் பார்த்த ஆளுக்கு அவரைவிட ஒரு முழம் உயரம் அதிகம். நாகூரில் நாங்கள் போவதற்குள் ஆள் கிளம்பியிருந்தார். அதற்குப் பிறகு நான் தேடவில்லை. தேடாமல் இருப்பதும் பழகிவிட்டது.

நீ நினைக்கிற மாதிரி எனக்குப் படபடப்பெல்லாம் இல்லை. அவர் சித்தம் கலங்கியிருந்த அந்தக் கடைசி வருஷம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் காட்டுக்குப் போவேன். மிளகாய் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து சத்தம் கேட்டால் ஆட்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருநாள் பூட்ட மறந்தேன், அன்றைக்குப் போனவர்தான்.

வருகிறேன். ஆனால் அது அவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுநாள் ராமேஸ்வரம் போவதில் மாற்றம் இல்லை. தேவிபட்டினத்திலும் நவபாஷாணத்தைச் சுற்றிவிட்டு வரச் சொல்கிறார் வீரலட்சுமி. எதற்கு எந்த பஸ் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும், நீயே முடிவு பண்ணு.

முருகேஸ்வரி


ஏர்வாடி
25.6.2024

பிரியமுள்ள முருகேஸ்வரிக்கு,

நீ சொன்னபடியே வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. ராமநாதபுரம் வந்து கீழக்கரை வழி பஸ் ஏறினால் தர்கா வாசலிலேயே இறங்கலாம். வியாழன் கூட்டம் இருக்கும், அதுவும் நல்லதுதான். ஆயிரம் பேரில் ஒருத்தியாக நீயும் போய் நிற்கலாம்.

அமாவாசைக்கு முந்தின நாள் என்பதால் வீட்டில் மீனோ கறியோ இருக்காது. புதுச் சட்டி வாங்கிவிட்டேன். சாம்பார் எனக்கு அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளம்புவோம். பாம்பன் புதுப் பாலத்தில் இன்னும் ரயில் விடவில்லை. எல்லாரும் பஸ்ஸுக்குத்தான் வருவார்கள், பிந்தினால் நின்றுகொண்டே போகவேண்டியிருக்கும். நான் பாம்பனில் இறங்கிக்கொள்கிறேன். தேவிபட்டினம் அன்றைக்கே வேண்டாம், அலைச்சல். இரவு மாஷிதா வீட்டில் தங்கிவிட்டு சனிக்கிழமை திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். மாற்றுச் சேலை இரண்டு எடுத்து வா. தீர்த்தம் ஆடினால் ஒன்று போதாது.

சபியா


சிக்கல்
9.7.2024

அன்புள்ள சபியா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சாம்பார் நன்றாகவே இருந்தது, அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மாஷிதாவிடமும் என் நன்றியைச் சொல்.

தர்காவை விட்டு வெளியே வந்து உன்னிடம் சொன்னதுதான். அது அவர் இல்லை. நீ நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டாய், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ராமேஸ்வரத்தைப் பற்றி பாம்பனில் உன்னிடம் அதிகம் பேசவில்லை. அக்னி தீர்த்தத்தில் இறங்கிக் குளித்தேன். கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. பெண்ணாக வந்திருக்கிறீர்களே என்று ஐயர் கேட்டார், வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்றேன். யார் யாருக்கு என்று கேட்டார். மாமனார் பெயரையும் மாமியார் பெயரையும் சொன்னேன். "இன்னும் யாராவது?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் எல்லாம் முடிந்தது என்று பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் துருவிக் கேட்கவில்லை.

கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

முருகேஸ்வரி


ஏர்வாடி
16.7.2024

முருகேஸ்வரிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன வெள்ளிக்கிழமை தர்காவுக்குப் போயிருந்தேன். அந்த ஆள் என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "எம்மா, அன்னைக்கு உங்ககூட வந்துச்சுல, அது பத்திரமா ஊருக்குப் போயிருச்சா?" என்று கேட்டார்.

"போயிருச்சு. ஏன், அவுகளத் தெரியுமா?" என்றேன்.

"சிக்கல்ல என் வீட்டுக்காரி" என்றார். திரும்பிக் குடத்தை எடுத்துக்கொண்டு, "அதுகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ கையேந்தித் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து "இல்ல சபியா, வேற யாரோ" என்றாய். உன் குரலில் ஒரு மாற்றமும் இல்லாததால் நான் நம்பினேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் சொல்ல வேண்டாம் என்றதையும் மீறித்தான் உனக்கு எழுதுகிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். கல்யாணத்துக்கு நீ கூப்பிட்டால் வருவேன்.

சபியா


சிக்கல்
8.8.2024

அன்புள்ள சபியா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அவர்தான். தூரத்தில் வரும்போதே முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்றாலும் வரிசையில் நின்று பக்கத்தில் போனேன். கையை நீட்டினேன், ஊற்றினார். குடித்து நிமிர்ந்தபோது முகத்தைப் பார்த்தார். "ஊர்ல மழ தண்ணி உண்டா?" என்றார். "இன்னும் பெய்யல" என்றேன். அவ்வளவுதான். பின்னால் ஒரு அம்மா செம்பை நீட்டினார், அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குச் சித்தம் தெளிந்திருக்கிறது. என்னைத் தெரிகிறது. ஊரும் தெரிகிறது, வழியும் தெரிகிறது. தெரிந்தும் வரவில்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ. நான் கூப்பிடவில்லை. வெளியே உன்னைப் பார்த்தபோது, ஆமாம் என்று சொன்னால் அடுத்து என்னென்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். புருஷன் ஏர்வாடியில் இருக்கிறார் என்று தெரிந்தால் கடலாடிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? பிள்ளைக்கும் அந்த வியாதி வருமோ என்று கேட்பார்கள். இல்லை என்றுவிட்டால் எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். அதனால் சொன்னேன். ஆனால் மறுநாள் ராமேஸ்வரத்தில், உயிரோடு இருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிய மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே ஜெயப்பிரியாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அப்பா சாப்பிடுறாகளா?" என்று கேட்டாள். பிறகு அவளே அருள்முருகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "அம்மா சொல்லித் தெரியிறதவிட நான் சொல்லிருறேன். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்" என்றாள். மூன்று நாள் கடலாடியிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. அண்ணன் என்மேல் சத்தம் போட்டார். நாலாவது நாள் வீரலட்சுமி தனியாக பஸ் ஏறி வந்தார். "இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. உசுரோட இருக்கவுகளுக்குப் போயி காரியம் பண்ணச் சொல்லிட்டேனே" என்றார். மாப்பிள்ளையும் உறுதியாக இருக்கிறாராம். தாரை வார்க்க அண்ணன் நிற்பது, பத்திரிகையில் ஜெயப்பிரியாவின் அப்பா பெயரை, முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்காமல், அப்படியே போடுவது என்று பேசி முடித்தோம்.

இதோடு இரண்டு பத்திரிகை வைத்திருக்கிறேன். ஒன்று உங்கள் வீட்டுக்கு. இன்னொன்றை அவர் கையில் கொடுத்துவிடு. வரச் சொல்லிக் கேட்காதே. வரவேண்டாம் என்றும் சொல்லிவிடாதே. அவர் இஷ்டம்.

உன்னிடம் பொய் சொன்னது எனக்குப் பெரிய பாரமாகத்தான் இருந்தது சபியா. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இவ்வளவு இருந்திருக்காது.

முருகேஸ்வரி


ஏர்வாடி
14.8.2024

பிரியமுள்ள முருகேஸ்வரிக்கு,

பத்திரிகை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். அச்சு நன்றாக வந்திருக்கிறது. இவர் இரண்டு தடவை வாங்கிப் படித்துவிட்டு, மாப்பிள்ளை எந்த ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

காளீஸ்வரன் அண்ணனிடம் நேற்று கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, "எம் பேரு போட்டுருக்கு" என்றார். "ஆமா, உங்க மகளாச்சே" என்றேன். ஜெயப்பிரியா என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளை வீடு கடலாடியில் எந்தத் தெரு என்றெல்லாம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

நீ சொன்னபடி வரச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "நான் வரல தாயி. வந்தா எல்லாரும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக. அன்னைக்குப் புள்ளையத்தான பாக்கணும்."

சொல்லிவிட்டு பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வரிசையில் ஆள் நின்றதால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் முந்தின நாளே வந்துவிடுகிறேன். பஸ் நிறுத்தத்துக்கு யாரையும் அனுப்பாதே, கல்யாண வீட்டில் ஆளுக்கு வேலை இருக்கும்.

உன்
சபியா